ஊற்றிய நீரும் வடித்த நீரும்

இரண்டாண்டுகளுக்கு முன் கம்பத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ். அத்தா விட்டுச் சென்ற அம்பாசிடர் காரில், ஒரு சித்திரை நாளில், உசிலம்பட்டியிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் காரின் முகப்பிலிருந்து ஆவி சீறியது. பதற்றத்தில் மச்சான் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர் பீறிட்டு அவர் முன்கையை வேகவைத்தது. நிக்காஹ்வுக்குப் போக வேண்டியவர்கள் மருத்துவமனைக்குப் போனோம்.

மறுநாள் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக், "இதுல என்ன தண்ணி பாய் ஊத்துனீங்க?" என்று கேட்டார். "வீட்டுப் போர் தண்ணீர்தான், தம்பி" என்றோம். அவர் மறுமொழி கூறாமல் உள்ளிருந்த குழாய்களைக் காட்டினார். சோறு வடிக்கும் பானையில் படியும் அதே வெண்மை அங்கும் படிந்திருந்தது. அதனோடு என்ஜினின் இரும்புத் துருவும் சேர்ந்து வழியை அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டியதாயிற்று. செலவில்லாத நீர் என்று நாம் ஆண்டுக்கணக்கில் ஊற்றியதற்கு மச்சானின் கை விலை கொடுத்தது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எஞ்சியிருக்கும் கார்களை இனி நாம்தான் பேண வேண்டும். பனி பெய்யும் நாட்டுக்கே கூலண்ட் தேவை என்று எண்ணியிருந்தோம், அது தவறு. வெறும் நீர் 100 பாகையில் கொதிக்கும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் 107 பாகை வரை தாங்கும், துருவையும் தடுக்கும். கூலண்டை மட்டுமே ஊற்றுவதும் பிழை; வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீருக்கு அது ஈடாகாது. துருவைத் தடுக்கும் மருந்து நாளடைவில் வலுவிழப்பதால், இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவது நலம்.

இவ்வாண்டு அந்தப் பணியை வீட்டு வாசலில் நாமே செய்தோம். இரவெல்லாம் ஆறிய கார். காலையில் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியிலும் என்ஜினின் பக்கவாட்டிலும் உள்ள திருகுகளைத் தளர்த்திப் பழைய கூலண்டைத் தொட்டியில் பிடித்தோம். பிறகு நல்ல நீர் நிரப்பி, சிறிது நேரம் என்ஜினை ஓட்டி, ஆறவைத்து வடித்தோம். நீர் தெளிந்து வரும்வரை மூன்று முறை இவ்வாறு செய்தோம். மூடி திறந்தபடி புதிய கலவையை மெல்ல ஊற்றி, உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை என்ஜினை ஓடவிட்டோம்.

இதற்கிடையில் அண்டை வீட்டு ஆடு தொட்டியில் வாய் வைக்கப் போயிற்று. மச்சான் ஓடிவந்து அதை இழுத்தார். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகத்தை அழித்து உயிரைப் பறிக்கும் நஞ்சு. ஆட்டுக்கு மட்டுமா, குழந்தைக்கும் அதுவே கதி. தெருச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்றே நாமும் முதலில் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை விட்டு, கேனில் அடைத்து, இத்தகைய கழிவைப் பெற்றுக்கொள்ளும் மதுரைப் பணிமனையொன்றில் ஒப்படைத்தோம்.

ஊற்றும் நீரில் காட்டாத கவனம் ஒரு கையைச் சுட்டது. வடித்த நீரில் அதைக் காட்டாதிருந்தால் அண்டை வீட்டார்க்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

சென்ற மாதம் மீண்டும் கம்பம் சென்றோம். கணவாயின் உச்சியில் காரை நிறுத்தி இறங்கினோம். ஆவி இல்லை. மச்சான் தழும்பேறிய கையால் முகப்பைத் தட்டிக்கொடுத்தார், மூடியைத் தொடவில்லை.