பாண் உண்பவன்

வகுப்பிலே ஒருநாள் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ‘லோர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பிரபு’ என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “பிரபு எப்படிச் சேர் பிரபுவானவர்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விடவில்லை. அன்றிரவு அகராதிகளைப் புரட்டினோம்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் பாண். பாணைக் காப்பவன் எனப் பொருள்படும் ‘ஹ்லாஃப்வெயார்ட்’ என்பதே தேய்ந்து தேய்ந்து ‘லோர்ட்’ ஆயிற்று. ‘லேடி’ என்பதன் மூலமோ, பாணுக்கு மாப் பிசைபவள் என்னும் ‘ஹ்லேஃப்டியே’. பிரபுவின் பட்டு மேலங்கியை நீக்கிப் பார்த்தால், உணவறைத் திறவுகோலை இடுப்பிலே செருகிய வீட்டுத் தலைவனே தெரிகிறான்.

இவ்விரு சொற்களும் வாழ்ந்தன. இவற்றோடு உடன்பிறந்த மூன்றாவது சொல் மாண்டுபோயிற்று. ‘ஹ்லாஃபேற்றா’, அதாவது பாண் உண்பவன், என்பது அது. பிறர் வீட்டில் அடங்கி வாழ்ந்து, அவர் அளந்த உணவை உண்டு உழைத்த ஊழியனை அது குறித்தது. கென்ற் நாட்டை ஆண்டு 616இல் மறைந்த எதெல்பேர்ட் மன்னனின் சட்டத்தொகுப்பிலே அச்சொல் காணப்படுகிறது. ஆங்கில மொழியில் எழுதப்பட்டு இன்று எஞ்சியுள்ள சட்டங்களுள் அதுவே மிகப் பழையது. சுதந்திர மனிதன் ஒருவனைக் கொன்றால் 100 சிலிங் என விதிக்கும் அச்சட்டம், குடியானவன் ஒருவனின் ‘பாண் உண்பவனை’க் கொன்றால் 6 சிலிங் என்கிறது. அரசனுக்கு மா அரைக்கும் அடிமைப் பெண்ணும் அங்கே வருகிறாள். அவளோடு ஒருவன் கூடினால் 25 சிலிங், அதுவும் அரசனுக்கே.

காத்தவன் பிரபு, உண்டவன் ஊழியன். உழுதவன் யார், விதைத்தவன் யார் என்பதை இச்சொற்கள் சொல்வதில்லை. உழைப்பை மறைத்து, உணவை மாத்திரம் காட்டி, உழைத்தவனையே கடனாளி ஆக்கிவிடுகின்றன.

இதை வாசித்தபோது எமது தந்தையார் நினைவில் வந்தார். பிறர் வயலிலே அவர் நெல் விளைவித்தார். கூலி கூட்டிக் கேட்ட ஒருநாள், காணிக்காரர் தம் முற்றத்தில் வைத்து, “எங்கடை சோத்தைத் திண்டவனெல்லே நீ?” என்றார். தந்தையார் தலைகுனிந்து நின்றார். சிறுவனாகிய நாம் பக்கத்தில் நின்றோம். அச்சோறு அவர் விளைவித்த நெல்லின் சோறு என்று சொல்ல அன்று எமக்கு வாய் எழவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் ‘செஞ்சோற்றுக் கடன்’ பற்றிப் பெருமையோடு படித்தபோதுகூட, அந்தச் சோறு யாருடையது என்று நாம் கேட்டதில்லை.

பாணிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு: ‘கொம்பானியன்’. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் பாண். கூடியிருந்து பாண் உண்பவன் என்பதே இதன் பொருள். அதே ‘பானிஸ்’தான் போர்த்துக்கேயரின் மொழி வழியே எமது ஊர்ப் பேக்கரிகளில் ‘பாண்’ ஆயிற்று.

மறுநாள் நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றின் கதையைச் சொன்னோம். இறுதிச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டோம். முதல்நாள் கேள்வி கேட்ட அதே மாணவன், “தோழர்” என்றான்.

விளைவித்தோர் யாவரும் கூடியிருந்து உண்ணும் நாளிலேதான் அச்சொல் தன் முழுப் பொருளையும் பெறும்.