வீசல் எண்டால் என்ன?

ஏ.எல்லில் கணிதம் செய்த ஆரையும் கேட்டுப் பாருங்கள். சிக்கலெண்ணின் மட்டையும் வீசலையும் நித்திரையிலும் கண்டுபிடிப்பார்கள். ஆகண் வரிப்படம் கீறுவார்கள், த மோய்வரின் தேற்றத்தை நிறுவுவார்கள். இதெல்லாம் எதுக்கு எண்டு கேட்டால் மட்டும் சிரிப்புத்தான் வரும். யாழ்ப்பாணத்து ரியூட்டரி வாங்குகளில் பாஸ்பேப்பர் செய்து முடித்த எங்களுக்கும் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு மின்பொறியியல் படிக்கப் போனால் அதே எண் இங்கிலிசில் வந்து நிற்கிறது. 'ஐ' இல்லை, 'ஜே' (ஐ-யைக் கறண்டுக்கு எடுத்துவிட்டார்கள்). வீசல் 'ஃபேஸ் ஆங்கிள்' ஆகிவிட்டது. இது எங்களுக்குத் தெரிந்த பழைய ஆள்தான் எண்டு ஒருத்தரும் சொல்லவில்லை. ஏ.எல்லில் 'ஏ' எடுத்த எங்கட பெடியள் சிலர் 'கணக்கு இனிச் சரிவராது' எண்டு முடிவெடுத்தது இந்த இடத்தில்தான். அதுதான் எங்களுக்கு இன்னும் ஆறாத விசயம்.

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற கறண்ட் மோட்டர் ஒன்றை எடுப்போம். உள்ளே இருப்பது செப்புக்கம்பிச் சுருள். வோல்ற்றளவு செக்கனுக்கு 50 தரம் ஏறி இறங்கும், கறண்ட் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கணக்கு லேசாக வர, தடை 30 ஓம், சுருள் காட்டுகிற மறிப்பு 40 ஓம் எண்டு வைப்போம். மொத்தம் 70 இல்லை, 50! 30 மெய்ப்பகுதி, 40 கற்பனைப் பகுதி, ஓ.எல்லில் படித்த 3, 4, 5 முக்கோணிதான். 230 வோல்ற்றுக்கு 4.6 அம்பியர் ஓடும். வீசல் ஏறக்குறைய 53 பாகை, கறண்ட் பிந்துகிற அளவும் அதுதான். வேலை செய்கிற பகுதி 2.76 அம்பியர் மட்டும். மற்றப் பகுதி சும்மா போய்வந்து வயரைச் சூடாக்குகிறது. அளவான கொள்ளளவி ஒன்றை மோட்டருக்குச் சமாந்தரமாகப் போட்டால், வயரில் ஓடுவதும் 2.76 ஆகக் குறையும்.

வகையீட்டுச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டாமல் இப்படிச் சிக்கலெண்ணால் பெருக்கிப் பிரிக்கலாம் எண்டு சாள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் சிக்காகோ மாநாட்டில் காட்டியது 1893இல். புதினமான விசயமே இல்லை.

இப்ப நாங்கள் சில பேர் சேர்ந்து, ஏ.எல் எழுதிவிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிமாரோடு ஞாயிறு பின்னேரங்களில் இருந்து இரண்டு மொழியிலும் சொற்பட்டியல் எழுதுகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மோட்டரோ பானோ உதாரணமாக வரவேணும் எண்டது ஒப்பந்தம். லாப்லாசின் உருமாற்றத்துக்கு இன்னும் போகவில்லை. வர விரும்புகிற ஆக்கள் உங்கட பழைய கணிதக் கொப்பிகளைக் கடதாசிக்காரருக்கு விக்காமல் கொண்டுவாருங்கோ.