மொறிஸ் மைனரில் நுவரெலியாவுக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைத் தெருக்களில் புதுக் கார் காண்பது அரிது. அந்நியச் செலாவணி இல்லையென்று அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பல வருஷமாகியிருந்தது. அதனால், இங்கிலாந்தில் பழைய இரும்பாகிக்கொண்டிருந்த வண்டிகள் எங்கள் நாட்டில் நாள்தோறும் உழைத்தன. 1948இல் செய்ததும் 1965இல் செய்ததும் ஒரே பெற்றோல் செட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திராது.

ஒரு ஏப்ரல் விடுமுறையில் பெரியப்பா எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். அவருடைய மொறிஸ் மைனர் சாம்பல் நிறம். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். 1956இல் வந்த 'மைனர் 1000'இல்தான் அது ஒரே வளைந்த கண்ணாடியானது. திரும்பும்போது கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று 'டக்' என்று எழும்பும். சில வேளை எழும்பாது. அப்போது பின்சீட்டிலிருந்து நான் உள்பக்கமாக ஒரு குத்து விடவேண்டும். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பனையோலைப் பெட்டியில் கட்டுச்சோற்றோடு விடியமுன் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம். ஆனையிறவில் வெளிச்சம் வந்ததும் விளையாட்டுத் தொடங்கியது. எதிரே வருகிற காரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். கடந்துபோன பிறகு பின்பக்கம் பார்த்துச் சொன்னால் செல்லாது, முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பது பெரியப்பாவின் சட்டம்.

"அது ஹில்மன், பெரியப்பா!"

"ஹில்மன் எண்டால் போதாது தம்பி. நம்பரைப் பார். பழசோ புதுசோ?"

நம்பர் தகட்டிலும் வயது எழுதியிருந்தது. சீ.ஈ., சீ.எல். என்றால் மூத்தது. ஈ.எல்., ஈ.வை. அதற்குப் பிந்தியது. சிங்கள ஸ்ரீ வந்துவிட்டால் ஐம்பதுகளின் கடைசி அல்லது அதற்கும் பிறகு. அந்த எழுத்தின்மேல் எங்கள் பக்கத்தில் தார் பூசி எதிர்ப்புக் காட்டிய கதையை அப்பா வவுனியா வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அன்று கதையைவிடத் தகடுதான் பெரிது.

வன்னியில் கண்ணில் பட்டதெல்லாம் ஒஸ்ரின் ஏ 40 சோமசெற். உருண்ட தோள், பொனெற் நுனியில் பறக்கிற 'ஏ'. ஏ 30 அதன் குட்டி போல இருக்கும். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும்தான் குழப்பும். இத்தாலியின் பினின்ஃபரீனா வரைந்த ஒரே உடல், 1959இல் இந்த இரண்டு பெயரிலும் வந்தது. முகத்தில் கம்பிவரிசைதான் முக்கிய வித்தியாசம். அக்கா வளைவில் வரும்போதே பிரித்துச் சொல்லிவிடுவாள். அந்தக் கண் எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

றம்பொடை ஏற்றத்தில் றேடியேட்டர் கொதித்தது. அருவித் தண்ணீர் ஊற்றி, தேயிலைக் குளிரில் ஆறவிட்டு, மெல்ல ஏறினோம்.

நுவரெலியா ஏப்ரலில் திருவிழாக்கோலம். விக்ரோறியா பூங்காவைச் சுற்றித் தோட்டத்துரைமாரின் றோவர், ஹம்பர், லான்ட்றோவர் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு கறுப்பு மைனரைக் கண்டதும் பெரியப்பா எங்களை மறந்து ஓடினார். முதலில் வந்த மைனர்களுக்கு விளக்குகள் மட்கார்டில் இல்லை, முகப்புக் கம்பிகளுக்கு இரு பக்கமும் தாழ இருக்கும். அந்த வகை அது. குந்தியிருந்து முன் பம்பரைக் காட்டினார். நடுவில் ஒரு சிறு இரும்புத் துண்டு வைத்துப் பொருத்தியிருந்தது.

"இதிலை கையை வை. நாலு அங்குலம்."

அலெக் இசிகோனிஸ் தான் வடிவமைத்த காரை ஒடுக்கமாக இருக்கிறதென்று கண்டு, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாய் அறுத்து, பாதிகளை விலக்கிப் பார்த்தாராம். கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடம் நாலு அங்குலம். பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால் அவற்றையும் வெட்டி இடையில் துண்டு வைத்தார்கள். பொனெற்றின் நடுவே ஓடுகிற தட்டையான பட்டை எங்கள் சாம்பல் மைனரிலும் இருந்தது. அவ்வளவு காலமும் அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னுள்ளங்கை அந்த இரும்புத் துண்டைச் சரியாக மூடியது. ஒரு மனிதரின் கண், திருப்தியில்லாமல் அறுத்துப் பார்த்த இடம் அது. இன்றைக்கும் எனக்கு அதைவிடப் பெரிய பொறியியல் பாடம் கிடையாது.

1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர, ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. ஆனால் தொண்ணூறுகளில் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது கைகொடுத்தவை பழைய மைனரும் ஏ 40உம்தான். அமுக்கம் குறைந்த எஞ்சின்கள் ஆகையால் மண்ணெண்ணெயைத் தாங்கின. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச்சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெரியப்பாவின் மைனரும் அப்படித்தான், புகை கக்கிக்கொண்டு, ஊரில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்கியது.