கல்யாணம் ஆயிடுச்சா?

பட்டினப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பிளாட் இருக்கிறது. இரண்டாவது மாடி. பால்கனியில் நின்றால் கடல் தெரியும். அதே கடலின் உப்புக்காற்றில் பால்கனி கிரில் துருப்பிடித்து உதிரும். நாங்கள் இருப்பது மந்தைவெளியில். போன வருஷம் அந்த பிளாட்டைக் கேட்டு ஓர் இளம் ஜோடி வந்தது. இருவருக்கும் ஐ.டி. வேலை. வழக்கம்போல் கேட்டேன்.

"கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

பையன் தரையைப் பார்த்தான். பெண் என்னைப் பார்த்தாள்.

"ஆகலை அங்கிள். சேர்ந்து இருக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். பொய் சொல்லி வீடு எடுக்க வேண்டாம்னும் முடிவு பண்ணியிருக்கோம். நாங்க பார்க்கிற ஆறாவது வீடு இது."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நான், "வீட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். சென்னை வீட்டுக்காரர்கள் பாஷையில் இதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

சட்டத்தில் தடையில்லை என்று எனக்குத் தெரியும். 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடே கொதித்தது ஞாபகம் இருக்கலாம். அவர்மேல் 23 வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் தெளிவுபடுத்தியது.

அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. கோவையிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கு. பெண்களுக்கான 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், 'திருமணம் போன்ற உறவில்' இருப்பவளுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் சேர்ந்திருக்கிற எல்லா ஜோடிக்கும் அது கிடைக்காது என்றது கோர்ட். இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு துணை இருக்கக் கூடாது, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், ஊரறியத் தம்பதி போல இருந்திருக்க வேண்டும்.

ஊரறிய இரு என்கிறது கோர்ட். இருக்க விட்டால்தானே ஊர்! ஒளித்து ஒளித்து வாழ்ந்துவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால், சாட்சிக்கு ஆள் இல்லாமல் நிற்பது அந்தப் பெண்தான்.

இதையெல்லாம் என் மனைவியிடம் பெரிய வக்கீல் மாதிரி விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, 88 தை மாசம் நாம ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தோமே, அன்னிக்கு எனக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்? பேரும் சம்பளமும். முதல் மாசம் முழுக்க பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். நீங்க வெளியில நின்னு தண்ணி வீணாகுதுன்னு கத்தினீங்க."

இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். தண்ணீர்க் கணக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

2017-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் வாங்கிப் பழகிய கை கொஞ்சம் நடுங்கியது. அக்ரிமென்ட்டில் இருவர் பெயரும் வேண்டும், அட்வான்ஸை ஆளுக்குப் பாதி கொடுக்க வேண்டும், ரசீதும் இரண்டு பெயரில் என்றாள் என் மனைவி. "சண்டை வந்தா யார் வீட்டை விட்டு யார் போறதுன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க." இந்த யோசனை கல்யாணம் ஆனவர்களுக்கும் பொருந்தும்.

சண்டை வராமல் இல்லை. அவளுக்குச் சைவம், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம். ஏ.சி. அவனுக்குப் பதினெட்டு, அவளுக்கு இருபத்தாறு. குப்பையைக் கீழே கொண்டுபோவது யார் என்பதில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எதிர் பிளாட்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு சார்" என்று ஆரம்பித்தார். "அந்த வீட்லயும் ஒரு வயசுப் பொண்ணுதான் சார் இருக்கா" என்றேன். அதோடு போய்விட்டார்.

ஐப்பசி மழையில் பையனுக்கு டெங்கு. ராத்திரி பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அங்கிள், ஃபார்ம்ல 'நோயாளிக்கு என்ன உறவு'ன்னு கேட்டிருக்கு. என்ன எழுதறது?"

எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு தீர்ப்பும் தெரிந்த எனக்கு இதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மனைவி போனை வாங்கினாள்.

"கூட இருக்கறவன்னு எழுதும்மா. நாங்க ஆட்டோ பிடிச்சு வர்றோம்."

அவன் பிழைத்து வீடு வர ஒரு வாரம் ஆயிற்று. ஏழு ராத்திரியும் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மாதம் முடிந்து அக்ரிமென்ட் புதுப்பிக்கப் போனேன். பால்கனியில் அவன் உப்புத்தாளால் கிரில்லின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பெயின்ட் டப்பாவோடு நின்று, "அங்க விட்டுட்டே பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"பெயின்ட் எவ்வளவு ஆச்சுப்பா? வாடகையில கழிச்சுக்கோ" என்றேன்.