தவுக்கே தந்த தேயிலை

எங்கள் வீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. ஒரு சாண் உயரம். நான்கு பக்கமும் சிவப்பு வண்ணம். ஒரு பக்கத்தில் மலையும் மரங்களும் தீட்டப்பட்டிருக்கும். மற்றொரு பக்கத்தில் நம்மால் வாசிக்க இயலாத சீன எழுத்துகள். என் உம்மா அதில் ஊசி, நூற்கண்டு, சட்டைப் பொத்தான், அறுந்துபோன தஸ்பீஹின் மணிகள் ஆகியவற்றைப் போட்டு வைத்திருந்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது தையல் டப்பாவாகவே இருந்தது. அதற்கு முன்னர் அதில் என்ன இருந்தது, அதை நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க செய்தியன்று.

மர்ஹூம் என் வாப்பா அவர்கள் பினாங்கில் ஒரு மசாலாச் சரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதி வந்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குவார்கள். கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; படகேறித்தான் கரைசேர வேண்டும். நாகூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய பெட்டி திறக்கப்படும் நாள் எங்களுக்கு இன்னொரு பெருநாள். 1964ஆம் ஆண்டு அப்படிப் பெட்டி திறக்கப்பட்டபோது, சோப்பு வாசனைக்கும் புதுக் கைலி வாசனைக்கும் அடியிலிருந்து ஒரு புகை வாசனை எழுந்தது. வெள்ளைச் சட்டைகள் இரண்டைச் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது இந்த டப்பா. பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே கொடுத்த தேயிலை என்று மட்டும் வாப்பா சொன்னார்கள். சட்டைகளை உம்மா இருமுறை துவைத்தும் வாசனை போகவில்லை.

கப்பல்காரர் வந்திருக்கிறார் என்றால் விசாரிக்க உறவினர் திரண்டு வருவது வழக்கம். வந்தவர்களுக்கு இந்தப் புதுத் தேயிலையில் தேத்தண்ணி கொடுப்பதுதான் மரியாதை என்று உம்மா எண்ணினார்கள். இலையை அள்ளிக் கொதிக்கும் நீரில் போட்டு, பால் ஊற்றி, இஞ்சி தட்டி, ஏலமும் சீனியும் சேர்த்து, நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கினார்கள். முதல் மிடறிலேயே பெரியம்மா முகத்தைச் சுளித்தார்கள்.

“மாசி மூட்டையோட கட்டிக்கொண்டு வந்தாப்போல ஈக்கிதே!”

கூடம் முழுவதும் சிரிப்பு. மாலத்தீவு மாசியை அறிந்தவர்களுக்கு இந்த உவமையின் பொருத்தம் புரியும். மீனை அவித்துப் புகையிலிட்டு உலர்த்திய அதே வாசனைதான், பாலில் மிதந்துகொண்டு வந்தது. வாப்பாவும் சிரித்தார்கள். ஆனால் தமக்குக் கொடுத்த கோப்பையை அவர்கள் ஒரு சொட்டும் வைக்காமல் குடித்து முடித்ததை, ஒன்பது வயதுச் சிறுவனான நான் பார்த்தேன். மேலும் இரண்டு நாள் முயன்றுவிட்டு உம்மா மிச்சத்தைக் கொல்லைப் புறத்து மருதாணிச் செடியின் அடியில் கொட்டினார்கள். அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா அதைக் கண்டார்கள். சிறிது நேரம் நின்றார்கள். பிறகு, “டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே புள்ளே” என்றார்கள். அவ்வளவுதான். 1979இல் அவர்கள் மௌத்தாகும் வரை அந்தத் தேயிலையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

2003ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு திருமணத்திற்காக நான் பினாங்கு சென்றேன். காப்பித்தான் கிளிங் பள்ளியில் ஜும்ஆ முடிந்து வெளிவரும்போது, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் என்னை அறிமுகம் செய்தார்கள். வாப்பாவோடு அதே கடையில் வேலை பார்த்தவர். என் கையைப் பற்றிக்கொண்டு அவர் முதலில் கேட்ட கேள்வி: “உங்க வாப்பாவுக்கு அந்தத் தவுக்கே கொடுத்த டப்பா ஞாபகம் ஈக்கிதா?”

அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கடையில் கூட்டம் குறைந்திருக்கும் வேளையில், வாப்பா பக்கத்துத் தேயிலைக் கடையின் மரப்பலகையில் போய் உட்காருவார்களாம். இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் மொழி. அதிலும் பாதிச் சொற்கள். ஆகையால் பேச்சு குறைவு, குடிப்பதுதான் அதிகம். பினாங்குச் சீனர்கள் பெரும்பாலும் வேறு தேயிலைகளைத்தான் வாங்குவார்கள். இந்தப் புகைத் தேயிலை மேல்நாட்டாருக்கு ஏற்றுமதியாகும் சரக்கு. தவுக்கே தம் குடும்பத்திற்கென்று வைத்திருந்ததில் ஒரு டப்பாவை, வாப்பா கப்பலேறும் நாளில் கையில் வைத்து அழுத்தினாராம்.

“திரும்பி வந்ததும் தவுக்கே கேட்டார், ‘வீட்டில் பிடித்ததா?’ என்று. நானும் பக்கத்தில் நின்றேன். உங்க வாப்பா ‘ஓர் இலைகூட மிச்சமில்லை’ என்றார்கள். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு” என்றார் பெரியவர்.

எனக்கு அந்த இடத்திலேயே மருதாணிச் செடி கண்ணில் வந்து நின்றது. வாப்பா பொய் சொல்லவில்லை. உண்மையில் ஓர் இலைகூட மிச்சமில்லைதான். அடுத்த பயணத்தின்போது தவுக்கே மீண்டும் ஒரு டப்பாவை நீட்ட, “இது இங்கேயே இருக்கட்டும், உங்களோடு உட்கார்ந்து குடித்தால்தான் எனக்கு ருசிக்கிறது” என்று வாப்பா மறுத்துவிட்டார்களாம். பெரியவர் இதையும் நட்பின் பெருமையாகவே சொன்னார். நான் அவரிடம் எதையும் விளக்கவில்லை.

தவுக்கேயின் கடை இருந்த இடத்தில் அப்போது கைப்பேசிக் கடை இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தேயிலைக் கடை உண்டென்று சொல்லி, என் மச்சானின் மகன் அழைத்துச் சென்றான். கடையில் ஒரு மூதாட்டி. புகை வாசனையுள்ள தேயிலை வேண்டும் என்று மலாயில் சொன்னதும், உயரத்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி மூடியைத் திறந்து என் முன் வைத்தார். 1964இல் வாப்பாவின் சட்டைகளிலிருந்து எழுந்த அதே வாசனை.

அந்த அம்மையார் அதைத் தயாரித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டு, கிண்ணம், மூடி என்ற மூன்றும் சேர்ந்த பீங்கான் பாத்திரம் ஒன்றை எடுத்தார். (வடமேற்குச் சீனத்து ஹுய் முஸ்லிம்களும் இத்தகைய மூடிக் கிண்ணத்தில்தான் கற்கண்டும் சிவப்பு இலந்தையும் இட்டு விருந்தினருக்குத் தேநீர் வழங்குகிறார்கள் என்று பின்னர் படித்தேன்.) முதலில் வெந்நீரை ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கி, அந்நீரைக் கொட்டிவிட்டார். ஈரச்சூட்டில் இலையைப் போட்டு மூடி, ஒரு கணம் கழித்து மூடியை என் மூக்கருகே நீட்டினார். விறகுப் புகைக்குப் பின்னால் பழத்தின் இனிப்பு ஒன்று வந்தது. பிறகு, கொதித்து அடங்கிய நீரை ஓரமாக ஊற்றினார். பத்து எண்ணும் நேரம் சென்றிருக்கும். மூடியை இலேசாகச் சாய்த்து, செம்பு நிறச் சாற்றைச் சிறு கோப்பைகளில் வடித்தார். பாலில்லை; சீனியில்லை.

முதல் கோப்பையில் புகைதான் முன்னால் நின்றது. அதே இலையில் மீண்டும் நீர் ஊற்றி வடித்த இரண்டாவது கோப்பையில் புகை ஒதுங்கி, உலர்ந்த லோங்கான் பழத்தின் இனிப்பு நாவில் தங்கியது. இந்தத் தேயிலைக்குச் சீனர் சொல்லும் பழைய இலக்கணமே பைன் புகை மணமும் லோங்கான் சாற்றுச் சுவையும்தான். ஐந்தாவது முறைக்கும் நிறம் இருந்தது. உறிஞ்சி ஓசையெழக் குடிக்கும்படி அம்மையார் சைகை காட்டினார். காற்றோடு கலந்து உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் பின்புறம் ஏறுமாம். தேயிலை மதிப்பிடுவோர் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிறு வயதில் அப்படி உறிஞ்சியதற்காக உம்மாவிடம் வாங்கிய அடிகள் நினைவுக்கு வந்தன. கிண்ணத்தில் ஊறி விரிந்த இலைகளை எடுத்துக் காட்டினார். பறித்த வடிவம் தெரியும்படி முழு முழு இலைகள்.

நூறு கிராம் கட்டித் தரும்போது அவர் ஒன்றை இருமுறை சொன்னார்: “ஜாங்ஙான் மாசாக்.”

மச்சானின் மகன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: “சமைத்துவிடாதீர்கள் என்கிறார், மாமா.”

ஊர் திரும்பிய பின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இதை ஆங்கில வணிகர் லாப்சாங் சூசோங் என்றனர். பிறப்பிடம் சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில், வூயி மலைகளில் உள்ள தோங்மு என்னும் ஊர். உலகின் கறுப்புத் தேயிலைகளிலெல்லாம் மூத்தது இதுவே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படையினர் வந்து ஊரில் தங்கியதால் பறித்த இலை உரிய காலத்தில் காயாமல் கறுத்துப்போக, அவசரத்திற்குப் பைன் விறகை எரித்து உலர்த்தினார்களாம். அதிலிருந்து பிறந்தது என்பது அங்கு வழங்கும் கதை. பல தளங்கள் கொண்ட மரக்கட்டடத்தின் கீழே பைன் விறகு எரிய, மேல்தளங்களில் பாயில் பரப்பிய இலை அந்தச் சூட்டிலும் புகையிலும் வாடுகிறது. பின்னர் உருட்டுகிறார்கள். உருட்டும்போது கசங்கிய இலை காற்றுப்பட்டு, நறுக்கிய வாழைக்காய் கறுப்பதுபோல் நிறம் மாறுகிறது. முடிவில் மீண்டும் பைன் புகையில் உலர்த்துகிறார்கள். இலையின் நிறத்தைப் பார்த்து மேல்நாட்டார் கறுப்புத் தேயிலை என்றார்கள். கோப்பையின் நிறத்தைப் பார்த்துச் சீனர் சிவப்புத் தேயிலை என்கிறார்கள். அவர்கள் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதே ஃபூஜியானின் கடற்கரையில் இருப்பதுதான் சுவான்சௌ. அரபு வணிகர் ஸைத்தூன் என்றழைத்த துறைமுகம். ஹிஜ்ரி 400இல், அதாவது 1009 வாக்கில் எழுந்த பள்ளிவாசலின் கற்சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அவ்வூரில் கிடைத்திருக்கிறது. அந்தத் தென் ஃபூஜியான் மக்களின் நாவில் இந்த இலையின் பெயர் ‘தே’. மலாய்க்காரரின் ‘தே’யும் நம் தேயிலையின் ‘தே’யும் அதுவே. தரைவழியே போன ‘சா’ என்ற பெயர் அரபியில் ‘ஷாய்’ ஆயிற்று. நாகூரில் நாம் தேத்தண்ணி என்னும்போதெல்லாம் அந்தத் தவுக்கேயின் பாட்டன்மார் பேசிய சொல்லைத்தான் சொல்கிறோம். பொருளை மட்டும் செடிக்கடியில் கொட்டிவிட்டோம்.

உம்மாவின் மீது குற்றமில்லை. நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணைத் தேயிலை. அசாமில் 1930களில் வந்த முறை அது. குருணை சட்டென்று சாறு விடும். கடுப்பும் நிறமும் மிகுதி. பாலைத் தாங்கும், பாலைக் கேட்கவும் செய்யும். முழு இலை அப்படியன்று. கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். கசப்பு மட்டும் இறங்கும். பால் சேர்ந்தால் அதன் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு நுண்சுவையை மூடிவிடும். புகை மட்டும் மிஞ்சும். பெரியம்மா குடித்தது அந்த மிச்சத்தைத்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் வீட்டில் செய்த முதல் தேநீர் படுதோல்வி. மங்கிய நிறம், மேலே ஆடைபோல் ஒரு படலம். அளவில் பிழையில்லை, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, மூன்று நிமிடம். எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்புத்தான் காரணம் என்று பிடிபட இரண்டு நாளாயிற்று. நல்லவேளையாக அடைமழை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி மழைநீர் பிடித்துக் குடிக்கும் வழக்கம் பழமையானது. அந்த நீரைக் காய்ச்சி ஊற்றினேன். பினாங்கு அம்மையாரின் கோப்பையில் கண்ட செம்பு நிறம் வந்தது.

உம்மாவுக்கு அப்போது எண்பது வயது. மஃரிபு தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே அமர்ந்திருந்தார்கள். கோப்பையைக் கொடுத்தேன். முகத்தருகே கொண்டுபோனவர்கள் நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

“மாசி!”

“ஆமாம்மா. குடிச்சுப் பாருங்க.”

பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு குடித்தார்கள், இன்னொரு மிடறு. நான் பள்ளிவாசலில் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். ‘ஓர் இலைகூட மிச்சமில்லை’ என்று வாப்பா சொன்ன இடம் வந்ததும் உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, “அதே இலையில இன்னொரு தடவை வருமா?” என்று கேட்டார்கள். வரும் என்றேன். இரண்டாவது கோப்பையையும் குடித்தார்கள். சீனி கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்துவரச் சொன்னார்கள். ஊசிகளையும் நூற்கண்டுகளையும் தஸ்பீஹ் மணிகளையும் மடியில் கொட்டிக்கொண்டு, முந்தானையால் டப்பாவின் உட்புறத்தைத் துடைத்து, நான் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து அதில் போடும்படி நீட்டினார்கள்.