கண்ணை மூடு... காதைத் திற! எஸ்டேட் டு பூந்தமல்லி ஒரு ரவுண்டு

என் கிளாஸ்மேட் ஒருத்தன் லீவுக்கு வியட்நாம் போய்விட்டு வந்தான். ஹோ சி மின் சிட்டி, அதாவது பழைய சைகோன். வந்ததிலிருந்து கேன்டீனில் ஒரே பீட்டர்தான்! 'ரோடு முழுக்க டூ வீலர் சத்தம்... பிளாட்பாரத்துல குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஃபோ சூப்... கெட்டிப்பால் ஊத்தின ஐஸ் காபி... கண்ணு, காது, மூக்கு, நாக்குன்னு ஊரையே அனுபவிச்சேன் மச்சி!' நடு ஊரில் நம்ம மாரியம்மனுக்கு ஒரு கோயிலும் இருக்கிறது. அதன் வாசலில் நின்று செல்ஃபிகூட எடுத்திருந்தான்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால், 2021-லிருந்து ஒயிட் போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே! அதே கண்ணு, காது, மூக்கு, நாக்கோடு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டேன். துணைக்கு அப்பா. நீங்களும் வாங்க பாஸ், ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்.

முதல் ஸ்டாப், அம்பத்தூர் எஸ்டேட். 1964-ல் ஆரம்பித்த பேட்டை. 1,000 ஏக்கருக்கு மேல் நீள்கிறது. மெயின் ரோட்டில் இப்போ கண்ணாடி மாளிகைகள், கழுத்தில் டேக் மாட்டின ஐ.டி. ஜனங்கள், ஷேர் ஆட்டோ கூட்டம். அதையெல்லாம் கண்ணால் பார்த்தால் போதும். உள்ளே ஒரு சந்தில் திரும்பிக் கண்ணை மூடுங்க... அதுதான் ஒரிஜினல் எஸ்டேட்!

'டங்... டங்... டங்...' இது பவர் பிரஸ். தகடு வெட்டுது. 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று பல் கூசினால் கிரைண்டிங். 'புஸ்ஸ்' என்றால் எங்கேயோ ஏர் லைன் லீக், முதலாளிக்குக் கரன்ட் பில் ஏறுதுன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் நடுவில் ஒரே சுருதியில் ஓடும் ஒரு 'ம்ம்ம்ம்'... அதுதான் லேத். எங்க வீட்டு அரிசி, என் செமஸ்டர் ஃபீஸ், தங்கச்சி ஸ்கூல் ஷூ எல்லாம் அந்த 'ம்ம்ம்'மில் இருந்துதான் வந்தது. அப்பா டர்னர். 27 வருஷம்.

அப்பா லேத்தைப் பார்க்க மாட்டார், கேட்பார். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஆயுத பூஜைக்கு ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போவார். முதலாளி பையன் ஒரு தடவை ஆசைக்கு மெஷினை ஓட்டினான். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா, 'டேய், டூல் மழுங்கிடுச்சு, நிறுத்து!' என்று அங்கிருந்தே கத்தினார். போய்ப் பார்த்தால் நிஜமாவே மழுங்கியிருந்தது. 'எப்படிப்பா?'ன்னு கேட்டேன். 'டூல் பேசும் பாப்பா, நமக்குக் காது இருந்தாப் போதும்' என்றார். நான் மெக்கானிக்கல் எடுத்ததற்கு அந்த டயலாக்தான் காரணம். (கவுன்சலிங்கில் வேறு பிராஞ்ச் கிடைக்கவில்லை என்பது இரண்டாவது காரணம்.)

போன வருஷத்திலிருந்து எங்க வீட்டில் ஒரு காமெடி. காலையில் அம்மா வாசல் வேலையைப் பார்க்க, குக்கரை மூன்றாவது விசிலில் நிறுத்துவது அப்பா டிப்பார்ட்மென்ட். சாதம் அடிக்கடி கூழாக ஆரம்பித்தது. 'ரெண்டு விசில்தான் வந்துச்சு' என்பார். பக்கத்து வீட்டுக்கே அஞ்சு கேட்டிருக்கும்! டி.வி. வால்யூம் 15-லிருந்து 40-க்கு ஏறியது. 'எல்லாரும் ஏன் முணுமுணுக்கிறீங்க, வாயைத் திறந்து பேசுங்களேன்' என்று எங்கள் மேலேயே கோபம். நாங்களும் சிரித்தோம்.

அந்த சிரிப்பு எனக்கு நின்றது, இண்டஸ்ட்ரியல் சேஃப்டி கிளாஸில். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு எலும்பு. அதுக்குள்ளே மயிரிழை செல்கள். சத்தத்தை மூளைக்கு சிக்னலா மாற்றுவது அதுங்கதான். பல வருஷ இரைச்சலில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றா செத்துப்போகும். செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் அடிவாங்குவது கீச்சுக் குரல் ஏரியா, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். விசில், கொலுசு, குருவி எல்லாம் முதலில் காணாமல் போகும். பேச்சில் 'ஸ', 'ஷ' மாதிரி மெல்லிய எழுத்துக்கள் உதிரும். மீதி இருப்பது முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அப்பா பொய் சொல்லலை பாஸ். அவருக்கு நிஜமாவே நாங்க முணுமுணுத்தோம்!

ஷாப் வாசலில் நின்று மொபைலில் சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்தேன். பக்கத்து ஷெட்டின் பிரஸ்ஸும் சேர்ந்து 94 டெசிபல். (ஃப்ரீ ஆப்தான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். இது சர்வதேச அளவில் பலரும் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 94-க்கு ஒரு மணி நேரம். அப்பா நிற்பது ஓவர்டைம் சேர்த்து 10 மணி நேரம்.

இரைச்சலால் காது மந்தமாவதைத் தொழில் நோய்ப் பட்டியலில் 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டமே சேர்த்திருந்தது. ஆனா, கரன்ட்டில் மெஷின் ஓடும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. அப்பா ஷாப்பில் முதலாளியையும் சேர்த்து 6 பேர். அரிசி மூட்டை மாதிரி எடை போட்டுத்தான் சட்டம் உள்ளே வரும் போல!

சந்து முனையில் ஹெல்மெட், கிளவுஸ் விற்கும் சேஃப்டி கடை. அப்பா டீ சொல்லப் போன கேப்பில் ஆரஞ்சு கலர் ஸ்பாஞ்ச் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எப்போ, எப்படிக் கொடுப்பது என்று பிளான் இல்லை.

அடுத்து ஆவடி பஸ். எம்.டி.ஹெச். ரோட்டில் ஸ்டாப் பெயர்களைக் கவனித்திருக்கிறீங்களா? லூகாஸ், பிரிட்டானியா, டன்லப்... ஊர்ப் பெயருக்குப் பதிலா கம்பெனிப் பெயர்! பாடி பக்கம் பஸ் போனாலே பிஸ்கட் வேகிற வாசனை ஜன்னல் வழியா வரும், பசியோட போறவனுக்கு அது கொடுமை என்பார் அப்பா. அது அவர் காலத்து மூக்கு. என் மூக்குக்குக் கிடைத்தது டீசலும், முன் சீட் அக்கா தலையில் இருந்த மல்லியும்தான். வழியில் திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்ட கதையோடு மாசிலாமணீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். முல்லைக்கும் இந்தத் திசைக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது... பூந்தமல்லி வரட்டும், சொல்றேன்.

ரோட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த ஆவடி வழியாகத்தான் போனது. அந்தப் பெருமை எதுவும் தெரியாமல் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஃபுட்போர்டு அடித்துக்கொண்டு போகிறது நம்ம ஜனம்.

ஆவடியைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். பாதி ஊர் காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் இருக்கிறது. 1961-ல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, ஜனங்க பாஷையில் 'டேங்க் ஃபேக்டரி'. 1965-ல் விஜயந்தா டேங்க் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இப்போ பீஷ்மா, அர்ஜுன். டேங்க் செய்கிற அதே ஊரில் ராணுவ யூனிஃபார்ம் தைக்கவும் தனியாக ஒரு ஃபேக்டரி. 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் இங்கேதான். சுவரில் 'போட்டோ எடுக்காதே' போர்டு பார்த்ததும் மொபைலை உள்ளே வைத்துவிட்டேன். நமக்கெதுக்கு வம்பு!

கண்ணுக்கு வேலையில்லை என்றதும் நாக்கு முந்திக்கொண்டது. மார்க்கெட் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ! சைகோன் பீட்டருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு கலர் நூடுல்ஸில் முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த் தூள் போட்டு, அண்ணன் வெறும் கையால் பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப். கொறுக், புளிப்பு, காரம் மூன்றும் ஒரே வாயில். ஃபோ சூப்புக்கு எப்படியும் ஒன்றுவிட்ட சித்தப்பா முறை வரும்.

"காரம் கம்மியா போடவா சார்?" என்றார் வண்டிக்கார அண்ணன். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "முட்டை?" அதுக்கும் தலையாட்டல். "எத்தனை?" அதுக்கும் தலையாட்டல். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் 'ஒண்ணு' என்று விரலைக் காட்டினேன். அப்பா எதுவும் கேட்காதபோதெல்லாம் சிரிப்பார் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இத்தனை நாள் அவர் ஜாலியான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவடி டு பூந்தமல்லி, பருத்திப்பட்டு ஏரிக்கரை வழி. இங்கே சருமத்துக்கு வேலை. எஸ்டேட்டில் முகத்தில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஏரிக்காற்று பட்டதும்... ஆஹா, ஏ.சி. எல்லாம் சும்மா! அப்பா ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கியர் பாக்ஸ் போகப் போகுது இந்த வண்டிக்கு" என்றார் திடீரென்று. "கேட்குதாப்பா?" என்றேன். "கையில தெரியுது" என்றார்.

கரையான்சாவடி தாண்டும்போதே தலைக்கு மேல் மெட்ரோ தூண்கள். அந்த லைனில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயரே முல்லைத்தோட்டம். சொன்னேன் இல்லையா, ஒப்பந்தம்! பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே நந்தவனம் போட்டு, பூப்பறித்து, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ வரலாறு. அந்த நந்தவனத்துக்கு இன்றைக்கு மிச்சம் பூக்கடைகள்தான். பஸ் புகை, பொரிக்கிற எண்ணெய், சாக்கடை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மல்லி வாசனை ஜெயிக்கிறது. சாயங்காலம் 6 மணிக்குப் போங்க, கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பூக்கடை வரிசைக்குப் போய்ச் சேரலாம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இங்கே பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. வெள்ளைக் கோலோடு எதிரே வந்த இரண்டு பேரில் ஒருவர், "பூக்கடை வந்துடுச்சு, லெஃப்ட் எடு" என்றார். கரெக்டாகத் திரும்பிப் போனார்கள். என் கண் அதுவரை கடை போர்டுகளில்தான் இருந்தது.

அம்மாவுக்கு ரெண்டு முழம் வாங்கினோம். பூக்கார ஆயா விலை சொன்னார். அப்பா சிரித்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, அங்கேயே, அந்த வாசனைக்கு நடுவிலேயே, காதடைப்பானை எடுத்து நீட்டினேன்.

"என்னது, பஞ்சு மிட்டாயா?"

"ஷாப்ல போட்டுக்கோங்கப்பா. காதுக்கு." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆயா திரும்பிப் பார்த்தார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை மாட்டிக்கிட்டா டூல் பேசுறது எப்படிக் கேட்கும்?"

என் சேஃப்டி நோட்டில் இதுக்குப் பதில் இல்லை. டெசிபல் அட்டவணை இருக்கிறது, செத்த செல்லின் படம் இருக்கிறது, காதையே கருவியா வைத்துப் பிழைக்கிறவர் அதை அடைத்துக்கொண்டால் எப்படி வேலை பார்ப்பார் என்று யாரும் எழுதித் தரவில்லை. "கையில தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். "அது பஸ்ஸு. இது பத்து மைக்ரான் வேலை பாப்பா" என்றார். ஆனால், திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

காது டெஸ்ட்டுக்கு வரச் சொன்னால் 'பார்க்கலாம்' என்கிறார். அந்த சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை ராத்திரி டிபன் பையைக் கழுவ எடுத்தேன். பக்கவாட்டு அறையில் அந்தக் குட்டி டப்பா. திறந்தேன். ஒன்று கடையில் வாங்கினபடி பளபள ஆரஞ்சு. இன்னொன்று முழுக்க ஆயில் ரேகை.