பூக்கும் முன் அறுத்தது

ஐப்பசி பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கத்து எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில் கால் வைக்க இடமிருக்காது. நனைந்த சாக்கு வாடையும் பச்சிலை வாடையும் கலந்து கிடக்க, தூணோரம் பண்ணருவாளும் ஓலைப்பெட்டியும் சாய்ந்திருக்க, ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து நிலவேம்பைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனிச் சாரலில் முளைத்த செடி. இலை மிளகாய்ச் செடி மாதிரியேதான். தண்டு மட்டும் நாலு பட்டை. அந்தப் பட்டையை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பது எனக்கு அப்போது பெரிய வேலை.

அறுக்கும் நாளுக்கு ஆச்சி காலண்டரைப் பார்த்ததில்லை. தோப்போரம் குனிந்து நுனிக்கிளையைத் திருப்பிப் பார்ப்பாள். மொக்கு தலைகாட்டினால் மறுநாள் விடியவே அறுப்பு. "பூக்க விடக்கூடாதுய்யா. பூத்துக் காய்ச்சிட்டா மருந்து குறைஞ்சிரும்லா" என்பாள். எனக்கோ வெள்ளையில் ஊதா தீற்றின அந்தச் சின்னப் பூவின்மேல் அப்படி ஓர் ஆசை. விதைக்கென்று அவள் விட்டுவைக்கும் நாலைந்து செடிக்கும் நான்தான் முதலாளி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவை பூத்துக் காய் வெடித்த பிறகும் இலையைக் கிள்ளி வாயில் வைத்தால் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் ஆச்சி அதைச் சட்டிக்குச் சேர்க்கமாட்டாள்.

அறுத்ததை வெயிலில் போடுவதுமில்லை. தட்டட்டிப் படிக்கு அடியில், நிழலில் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவாள். இரவில் காற்று வந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். காய்ச்சல் கண்டால் அதில் ஒரு பிடி மண்சட்டிக்குப் போகும், நாலுக்கு ஒன்றாக வற்றும். குடித்து முடிக்கிறவரை ஆச்சி ஒரு கையை மூடியே வைத்திருப்பாள். உள்ளே கருப்பட்டித் துண்டு இருப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தக் கசப்பின் பெயர் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். தண்டைவிட இலையில் அதிகம். பூக்கும் தறுவாயில் உச்சத்துக்கு ஏறி, காய் பிடித்து இலை உதிரத் தொடங்கியதும் இறங்கிவிடுமாம். பயிர் செய்கிறவர்களுக்கும் 3, 4 மாதத்தில் அறுக்கச் சொல்கிறார்கள். ஆச்சியின் ஆனி, ஐப்பசிக் கணக்கும் அதுதானே!

2012இல் டெங்கு பரவியபோது ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள், நீங்களும் குடித்திருப்பீர்கள். நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் என்று 9 சரக்கு அதில். இப்போது பொடியாகவே பொட்டலத்தில் கிடைக்கிறது. நான் வாங்கியவற்றில் பொட்டலம் கட்டிய தேதி இருக்கிறது, அறுத்த மாதம் இல்லை. அடுத்த முறை நாட்டு மருந்துக்கடைக்குப் போனால் பொடி வேண்டாம், செடியாகவே கேளுங்கள். இலை நிறைய இருக்கிறதா, வெறும் தண்டா என்று பிரித்துப் பாருங்கள். காய் கட்டியிருந்தால் வாங்காதீர்கள்.